பாளையங்கோட்டையில் அணு உலைப் பொருள்கள் பற்றிய ஞாயிறு வகுப்பு: ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு சிறு தொழிற்பயிற்சி நிலையம், அணு உலையில் பயன்படும் உலோகங்களையும் அணுக்கழிவை அடக்கி வைக்கும் முறைகளையும் பற்றி, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நீளும் ஒரு வகுப்பைச் சென்ற கோடையில் நடத்தியது. காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். கட்டணம் 3,500 ரூபாய், மாணவர்களுக்கு 2,000 ரூபாய். இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளைச் சேர்க்கத்தான் போனேன். பாடத்திட்டத்தைப் பார்த்ததும் நானும் பணம் கட்டி அமர்ந்துவிட்டேன். அடுத்த அணிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால், சேர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மதிப்பீட்டில் அது கலந்திருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் வெல்டிங் சோதனை வேலை செய்கிறேன். குழாய் இணைப்புகளை ரேடியோகிராபி, அதாவது கதிர்வீச்சால் உட்புறத்தைப் படம், எடுப்பதற்காக, கதிர்வீசும் இரிடியம்-192 சோர்ஸ் வைத்த கேமராவோடு இரவில் ஆலை ஆலையாகப் போவது என் பிழைப்பு. இரிடியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 74 நாள். ஓர் ஆண்டில் அதன் வீரியம் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சோர்ஸ் இறங்க இறங்க ஒரு படத்துக்கு ஆகும் நேரம் கூடிக்கொண்டே போகும், பிறகு அதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதியது வாங்குவோம். கதிர்வீச்சுக் கழிவு என்றால் என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: பூட்டிய பெட்டி, பதிவேட்டில் ஒரு கையெழுத்து, நவி மும்பைக்கு ஒரு லாரி. அதற்கு அப்பால் இருக்கும் பெரிய கழிவைப் பற்றி இந்த வகுப்பில்தான் முறையாகக் கற்றேன்.

வகுப்பை நடத்தியவர் உலோகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். அணுசக்தி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் அவர் நுழையவே இல்லை. முதல் நாள் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: "எதில் வைப்பது?" எரிபொருளை உலைக்குள் எதில் வைப்பது, உலையை எதில் வைப்பது, எரிந்து முடிந்ததை எதில் வைப்பது, அந்தப் பெட்டியை எந்த மண்ணில் வைப்பது என்று ஆறு வாரமும் அந்த ஒரு கேள்வியின் மேலேயே நகர்ந்தது. அணுவைப் பிளக்கும் இயற்பியலைப் பல இடங்களில் படித்துவிடலாம். அதைத் தாங்கி நிற்கும் குழாயும் தகடும் கண்ணாடியும் களிமண்ணும் எப்படி உழைத்துக் களைத்துப் போகின்றன என்பதைத் தமிழில் இப்படி வரிசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் வகுப்பில் ஒரு சிர்க்கோனியக் குழாய்த்துண்டைக் கையில் கொடுத்தார். அணு உலைக்கான குழாய் அல்ல, ரசாயன ஆலையில் பயன்படும் குழாயின் வெட்டுத்துண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மங்கிய சாம்பல் நிறம். அதே அளவுள்ள எஃகுத் துண்டைவிடச் சற்று லேசு. கூடங்குளத்தில் எரிபொருள் வில்லைகளை அடுக்கி வைக்கும் உறைக்குழாயின் விட்டம் சுமார் 9 மில்லிமீட்டர், சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று அவர் சொன்னபோது, நான் தினமும் படம் எடுக்கும் தடித்த குழாய்களை நினைத்து எனக்கு உடல் சிலிர்த்தது. 1,000 மெகாவாட் உலை ஒன்றில் அப்படிப்பட்ட குழாய்களைக் கட்டுக்கட்டாகக் கோத்த 163 அறுகோணத் தொகுதிகள் இருக்கின்றன. கதிரியக்கப் பொருளுக்கும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கும் இடையே நிற்பது அந்த மெல்லிய சுவர்தான்.

ஏன் சிர்க்கோனியம் என்பதற்கு அவர் தந்த விளக்கம் நம் கடற்கரையிலிருந்தே தொடங்கியது. அணுப்பிளவைத் தொடரவைக்கும் நியூட்ரானை விழுங்காத, சூட்டையும் தண்ணீரையும் தாங்கும் உலோகம் வேண்டும். சிர்க்கோனியம் அதற்குப் பொருந்தும். ஆனால் அதன் தாதுவான சிர்க்கான் மணலில் அதோடு ஹாஃப்னியம் ஒட்டிக்கொண்டே வருகிறது. குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல. நியூட்ரானை விழுங்குவதில் மட்டும் ஹாஃப்னியம் ஐந்நூறு மடங்குக்கு மேல். அதைப் பிரித்தெடுக்காமல் குழாய் செய்தால் உலை எரியாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் கிடைக்கிறது. தாமிரபரணி கடலோடு சேரும் பகுதிக்கு அருகே பழையகாயலில் அணு எரிபொருள் வளாகத்தின் சிர்க்கோனிய ஆலை இயங்குகிறது. அந்த வழியாகப் பலமுறை வண்டியில் போயிருக்கிறேன். அந்த மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று வேதியியலோடு தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

பிறகு அந்த உலோகத்தின் பலவீனத்துக்கு வந்தார். சூடான தண்ணீரில் சிர்க்கோனியம் மெல்லத் துருவேறும்போது வெளிப்படும் ஹைட்ரஜனில் ஒரு பகுதியை உலோகமே குடித்துக்கொள்கிறது. அது உள்ளே தகடு தகடாகப் படிந்து, வளைந்துகொடுக்க வேண்டிய உலோகத்தை நொறுங்கக்கூடியதாக மாற்றிவிடுகிறது. கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983ஆம் ஆண்டு இரண்டாம் உலையில் எரிபொருளை உள்ளே வைத்திருக்கும் அழுத்தக் குழாய் ஒன்று நீளவாக்கில் பிளந்ததற்கு இதுதான் காரணம். குழாயைத் தாங்கி நிற்க வேண்டிய வளையங்கள் இடம் நகர்ந்ததால், சூடான குழாய் தொய்ந்து வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடம் குளிர்ந்தது. குளிர்ந்த இடத்தைத் தேடி ஹைட்ரஜன் வந்து கொப்புளமாகச் சேர்ந்தது. ராஜஸ்தானிலும் கல்பாக்கத்திலும் பழைய கனநீர் உலைகளின் குழாய்களை மொத்தமாகக் கழற்றி, நயோபியம் கலந்த சிர்க்கோனியக் குழாய்களை மாட்டியதும் இந்தப் பாடத்தின் தொடர்ச்சியே. ஃபுகுஷிமாவில் 2011 மார்ச்சில் கட்டடங்களின் கூரையைத் தூக்கி எறிந்ததும், குளிர்விக்க வழியில்லாமல் கடும் சூடேறிய சிர்க்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து வெளியிட்ட ஹைட்ரஜன்தான். ஒரே உலோகம், ஒரே ஹைட்ரஜன், இரண்டு விதமான கேடு. வகுப்பு அங்கே ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் இருந்தது.

இரண்டாம் வாரம், எரிபொருள் தொகுதிகளை உள்ளே வைத்திருக்கும் எஃகுக் கலத்துக்கு. இந்த வகுப்புக்காக மட்டுமே கொடுத்த பணம் தகும் என்று நினைக்கிறேன். கால்நடைகளுக்குச் சினை ஊசி மருந்தைக் குளிரில் வைக்கப் பயன்படுத்தும் திரவ நைட்ரஜனை ஒரு சிறு குடுவையில் கொண்டுவந்திருந்தார்கள். விரல் கனமுள்ள மைல்ட் ஸ்டீல் கம்பிகளை ஹேக்ஸாவால் ஒரே ஆழத்துக்கு வெட்டு போட்டு வைத்திருந்தார்கள். ஒன்றை அப்படியே வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்தபோது அது வளைந்து, இழுபட்டு, கடைசியில் நார்நாராகக் கிழிந்தது. நைட்ரஜனில் முக்கி எடுத்த இன்னொன்றை அதே ஆள் அதே வேகத்தில் அடித்தார். 'டிங்' என்ற சத்தத்தோடு பாதித் துண்டு மேசைக்கு அடியில் போய் விழுந்தது. என் மகள் அதைத் தேடி எடுத்து உடைந்த முகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். கற்கண்டை உடைத்ததுபோல முகம் முழுவதும் பொடிப்பொடியாக மின்னியது.

எஃகுக்கு வளையும் குணமும் நொறுங்கும் குணமும் உண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பநிலை இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன். ஆண்டாண்டாக நியூட்ரான் அடி வாங்கும் எஃகில் அந்த வெப்பநிலை மேலே மேலே ஏறுகிறது என்பதையும், செம்பும் பாஸ்பரசும் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலே அந்த ஏற்றம் விரைவாகிறது என்பதையும் அந்த உடைந்த முகத்தைப் பார்த்தபடி கேட்கும்போது மனத்தில் பதிந்துவிடுகிறது. உலைக்குள்ளேயே கலத்தின் எஃகிலிருந்து செய்த சிறு மாதிரித் துண்டுகளைத் தொங்கவிட்டு, அவ்வப்போது எடுத்து உடைத்துப் பார்க்கிறார்கள்; கலம் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று அதன் உடன்பிறப்பு சொல்லிவிடும். பழைய ரஷ்ய உலைகள் சிலவற்றில் கலத்தையே சுமார் 475 பாகை வரை பல நாள் சூடேற்றி, இழந்த வளைவுத்தன்மையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டு நோவோவோரோனெஷ் நிலையத்தில் அதை முதலில் செய்தார்கள்.

என் தொழிலைத் தொட்ட பகுதியும் அன்றுதான் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ் உலையின் கல மூடியில் 2002ஆம் ஆண்டு ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். மூடியின் ஊடே போகும் குழாயில் விழுந்த நுண்விரிசல் வழியாகப் போரிக் அமிலம் கலந்த தண்ணீர் கசிந்து, காய்ந்து, படிந்து, ஆறு அங்குலத்துக்கு மேல் கனமுள்ள எஃகை முழுவதும் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது உட்புறத்தில் பதித்திருந்த துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டுமே. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத அந்தத் தகடுதான் உலையின் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. மூடியின் மேல் துரு கலந்த அமிலப்படிவு வழிந்து நின்ற படத்தை ஆசிரியர் காட்டினார். கண்ணுக்குத் தெரிந்த படிவைச் சுரண்டிப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுகிற எவரும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். நான் அதைக் கைப்பேசியில் வாங்கி என்னோடு வேலை செய்யும் பையன்களுக்கும் காட்டினேன்.

மூன்றாம் வாரம் கழிவை வகைப்படுத்தியது. வகுப்பின் மொழிக் குறை இங்கேதான் முதலில் கண்ணில் பட்டது. கொடுத்த குறிப்பேடு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழாக்கம் என்று சேர்த்திருந்த நான்கு பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'அணுக்கழிவு' என்ற ஒரே சொல். கையுறையும் துடைத்த துணியும் கழிவு, வடிகட்டியில் சிக்கிய பிசினும் கழிவு, உலையிலிருந்து எடுத்த எரிபொருளும் கழிவு என்றால் படிப்பவர் எதை எண்ணி அஞ்சுவது, எதை எண்ணி அமைதி கொள்வது? ஆசிரியர் வாய்மொழியில் இந்தக் குழப்பத்தைத் தெளிவாக அவிழ்த்தார். அளவில் மிகப் பெரும்பகுதி வீரியம் குறைந்தது; அதைச் சிமென்டில் கலந்து இறுக்கி, நிலத்தை ஒட்டிய காங்கிரீட் குழிகளில் வைத்து, சில தலைமுறை காவல் காத்தால் அடங்கிவிடும். தீர்ந்த எரிபொருள் அப்படியல்ல. அளவில் அது சிறியது, 1,000 மெகாவாட் உலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 டன். ஆனால் கதிரியக்கத்தின் பெரும்பங்கு அதற்குள்தான். அதிலும் 95 விழுக்காடு வரை யுரேனியமாகவே இருக்கிறது, ஒரு விழுக்காடு அளவு புளூட்டோனியம், மிச்சம் மூன்று நான்கு விழுக்காடு பிளவுபட்ட துண்டங்கள். இந்தியா அந்த யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மீட்டெடுக்கும் கொள்கையில் நிற்பதால், அரசுத் தரப்பில் தீர்ந்த எரிபொருளைக் கழிவு என்று சொல்வதில்லை. மீட்டெடுத்த பின் மிஞ்சும் அமிலக் கரைசலே உயர்வீரியக் கழிவு. இந்த வேறுபாடு தெரியாமல் நம் ஊரில் நடக்கும் பேச்சுகளில் இரு தரப்பும் ஒன்றையொன்று பொய்யர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த அமிலக் கரைசலை எதில் வைப்பது என்பது நான்காம் வாரம். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் 177 நிலத்தடித் தொட்டிகளில் திரவமாகவே ஊற்றி வைத்துப் பட்டபாட்டை ஆசிரியர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நேராகக் கண்ணாடிக்கு வந்தார். சொன்னதோடு நிற்காமல் நெல்லையில் பத்தர் பட்டறையில் வாங்கிய வெங்காரத்தையும் (போராக்ஸ்) ஒரு ஊது விளக்கையும் எடுத்து மேசையில் வைத்தார்.

நிக்ரோம் கம்பியின் நுனியைச் சிறு வளையமாக வளைத்து, சூடாக்கி, வெங்காரப் பொடியில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால் அது முதலில் பொரிபோல உப்பும். பிறகு அடங்கி உருகி, வளையத்துக்குள் பனித்துளிபோலத் தெளிவான கண்ணாடி மணியாக நிற்கும். அந்த மணியில் செம்பு உப்பான மயில்துத்தத்தின் ஒரு துகளை ஒட்டி மீண்டும் தீயில் பிடித்தார். துகள் காணாமல் போனது. மணி முழுவதும் ஒரே சீராக நீலமேறியது. "பொடியை மணிக்குள்ளே புதைத்து வைக்கவில்லை. செம்பு இப்போது கண்ணாடியின் உறுப்பாகிவிட்டது. மணியை உடைத்தாலும் உள்ளே தனியாகப் பொடி இருக்காது" என்றார். கண்ணாடியில் 'அடைப்பது' என்றால், சர்பத் பாட்டிலில் ஊற்றி மூடுவதுபோலத்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். கழிவிலுள்ள சீசியமும் ஸ்ட்ரான்சியமும் கண்ணாடியின் பின்னலுக்குள்ளேயே கோக்கப்படுகின்றன என்பதை அந்த நீல மணி எனக்குக் கற்பித்தது.

அடுத்து அவர் செய்ததுதான் பொருளறிவியல். அதே மணியில் மேலும் மேலும் மயில்துத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் மணி கலங்கி, ஒளி புகாமல், கறுத்துப் போனது. கண்ணாடி ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு எல்லை உண்டு, அந்த எல்லை தனிமத்துக்குத் தனிமம் மாறும். மாலிப்டினத்தையும் சல்ஃபேட்டையும் கண்ணாடி எளிதில் ஏற்காது. அளவு கூடினால் அவை மஞ்சள் படலமாகப் பிரிந்து மேலே மிதக்கும், தண்ணீரில் கரையும் அந்தப் படலம் சீசியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். டிராம்பேயில் சல்ஃபேட் கலந்த பழைய கழிவைக் கையாளுவதற்காகப் பேரியம் சேர்த்த போரோசிலிக்கேட் கண்ணாடியைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் உருவாக்கியது இந்தச் சிக்கலுக்காகத்தான். வெப்பத்திலும் இருபக்கக் கட்டு இருக்கிறது. உருக்க 1,000 பாகையை ஒட்டிய சூடு வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் சீசியம் ஆவியாகித் தப்பிக்கும், குறைத்தால் கண்ணாடி ஓடி இறங்காது. தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் கண்ணாடியாக்கும் ஆலைகள் இருக்கின்றன. உருக்கிய கண்ணாடியைத் துருப்பிடிக்காத எஃகுக் கலயங்களில் ஊற்றி மூடி, அதன் சூடு ஆறும்வரை காற்றோட்டமுள்ள கிடங்கில் பல பத்தாண்டு வைக்க வேண்டும். மேசையில் செய்த வெங்கார மணி தண்ணீரில் போட்டால் மெல்லக் கரைந்துவிடும் என்பதையும், மணலிலிருந்து வரும் சிலிக்கா சேர்ந்தால்தான் கண்ணாடி தண்ணீருக்கு நின்றுபிடிக்கும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். ஓர் எளிய செய்முறையின் எல்லையையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியரை நான் நம்புகிறேன்.

ஒரு குறையை இங்கே பதிவு செய்ய வேண்டும். நைட்ரஜன் கையாண்ட நாளிலும் ஊது விளக்கு எரிந்த நாளிலும் முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தரவில்லை. நான் எழுந்து கேட்ட பிறகே இரண்டு கிடைத்தது. உடைந்த எஃகுத்துண்டு மேசைக்கு அடியில் போனது நல்லகாலம், ஒரு பிள்ளையின் முகத்துக்குப் போயிருக்கவும் கூடும். அணு உலையின் பாதுகாப்பைப் பேசும் வகுப்பில் இதை விட்டுவிடக்கூடாது என்று நிலையத்தாரிடம் எழுதியும் கொடுத்திருக்கிறேன். ஒளிப்பதிவு தருவோம் என்று விளம்பரத்தில் சொன்னதும் இதுவரை வந்து சேரவில்லை.

ஐந்தாம் வாரம் ஆழ்நிலப் புதைப்பு. பின்லாந்தின் ஓன்கலோவில் சுமார் 430 மீட்டர் ஆழத்தில், கடும்பாறையில் சுரங்கம் குடைந்து, வார்ப்பிரும்பு உட்கூட்டின் மேல் 5 சென்டிமீட்டர் கனச் செம்பு போர்த்திய பெட்டியை இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் களிமண்ணை அடைக்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் உப்பிக்கொண்டு தன் விரிசலைத் தானே மூடும் களிமண் அது. செம்பு ஏன் என்றால், ஆக்சிஜன் இல்லாத ஆழத்துத் தண்ணீரில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்தப் 'பெரும்பாலும்' எவ்வளவு என்பதில் ஸ்வீடன் ஆய்வாளர்களிடையே நீண்ட சர்ச்சை நடந்ததும், 2018இல் அந்நாட்டு நிலச் சுற்றுச்சூழல் நீதிமன்றம் செம்புப் பெட்டியின் அரிமானம் பற்றிக் கூடுதல் சான்று கேட்டதும், 2022 ஜனவரியில் அரசு அனுமதி கொடுத்ததும் விரிவாகப் பேசப்பட்டன.

ஆனால் அன்று எல்லோர் மனத்திலும் நின்றது வேறு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உப்புப் படுகைக்குள் அமைந்த கழிவுக் கிடங்கில், 2014 பிப்ரவரியில் ஒரு பீப்பாய் உள்ளுக்குள் சூடேறி வெடித்துத் திறந்தது. நைட்ரேட் உப்புகள் கொண்ட அந்தக் கழிவில் ஈரத்தை உறிஞ்சக் களிமண் துகள்களைச் சேர்ப்பது வழக்கம். வீட்டில் பூனை மலங்கழிக்கும் தட்டில் கொட்டும் துகள்தான் அது. அந்த முறை களிமண்ணுக்குப் பதிலாகத் தானியத்திலிருந்து செய்த துகளைப் போட்டுவிட்டார்கள். நைட்ரேட்டும் தானியமும் சேர்ந்தால் அது மெல்ல எரியும் மருந்து. கிடங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது. கோடி கோடியாய்ச் செலவிட்டு இடம் தேடி, பாறையை ஆராய்ந்து, கடைசியில் ஒரு மூட்டையின் பெயர் மாறியதால் வந்த வினை அது. வெல்டிங் ராடு மாற்றி எடுத்த இணைப்புகளை வெட்டி எறிந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் இந்தச் செய்தி என்னை ஆழமாகத் தைத்தது.

ஆறாம் ஞாயிறு ஆதிச்சநல்லூருக்குப் பேருந்தில் அழைத்துப் போனார்கள். அணுக்கழிவு வகுப்புக்கு இது எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். பரம்பில், அதாவது அந்தப் பழைய இடுகாட்டு மேட்டில், கால் வைத்ததும் விடை கிடைத்தது. மூவாயிரம் ஆண்டுப் பழமை வரை எண்ணப்படும் தாழிகள் அங்கே குழிக்குள் இருக்கின்றன. அகழ்ந்த குழிக்கு மேலே கண்ணாடி போட்டிருப்பதால் குனிந்து பார்க்கலாம். சுட்ட மண் தன் உருவத்தை விடவில்லை, மண்ணின் பாரத்தால் விரிசல் விழுந்திருக்கிறது, அவ்வளவே. இந்த இடுகாட்டில் கிடைத்த இரும்பு பொருமி அடையாளம் மாறியது. வெண்கலம் பச்சை போர்த்திக்கொண்டு உள்ளே பிழைத்தது. நூறாண்டுக்கு முன் இங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் ரே எடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் மங்கவில்லை. ஒரே மண், ஒரே மழை, நான்கு பொருளுக்கு நான்கு விதி. ஆய்வுக்கூடத்தில் ஐந்தாண்டு, பத்தாண்டு சோதித்துவிட்டுப் பத்தாயிரம் ஆண்டுக்குக் கணக்குப் போடும் பொறியாளர்கள், உலகெங்கும் இப்படிப்பட்ட பழைய புதைபொருள்களைத் தேடிப் பார்த்துத் தங்கள் கணக்கைச் சரிபார்க்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டு. கால்மாட்டில் கிடக்கும் தாழியின் வயது அதில் எட்டில் ஒரு பங்கு என்பதை அந்த வெயிலில் நின்று கேட்டது, எந்த வரைபடமும் தராத அளவை எனக்குத் தந்தது.

வகுப்பில் எனக்குள்ள பெரிய மனக்குறை அதற்குப் பிறகு நேர்ந்தது. கூடங்குளத்துக்கென்று ஒதுக்கியிருந்தது திரும்பி வந்த பின் கிடைத்த அரை மணி நேரம். கடற்கரை ஊரிலிருந்து ஆறு வாரமும் தவறாமல் வந்த ஒரு இளைஞர் எழுந்து, "சார், எரிஞ்சு முடிஞ்ச குழாயெல்லாம் இப்ப எங்க கெடக்கு? பொறவு எங்க கொண்டு வைக்கப் போறாவ?" என்று கேட்டார். ஆசிரியர் பொறுப்பாகத்தான் பதில் சொன்னார். எடுத்த எரிபொருள் உலைக் கட்டடத்துக்குள்ளேயே உள்ள தண்ணீர்த் தொட்டியில் ஆறிக்கொண்டிருக்கிறது. 1988இல் சோவியத் ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தப்படி அது ரஷ்யாவுக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது; பின்னால் அந்த ஏற்பாடு மாறி, இந்தியாவே வைத்துக்கொள்வது என்றானது. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலைக்கு வெளியே தனிச் சேமிப்புக் கட்டடம் ஐந்தாண்டுக்குள் வேண்டும் என்றது. 2018இல் கால நீட்டிப்புக் கிடைத்தது. 2019 ஜூலையில் அதற்காக நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மணி ஒன்று அடித்துவிட்டது.

கேட்க வேண்டிய பொருளறிவியல் கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. தொட்டியின் துருப்பிடிக்காத எஃகு உள்தகட்டின் வெல்டிங்கை எந்த முறையில், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்; உப்புக்காற்றுள்ள கடற்கரையில் எஃகும் காங்கிரீட்டும் எப்படி மூப்படைகின்றன; பல பத்தாண்டு தண்ணீரில் கிடக்கும் சிர்க்கோனியக் குழாய், பின்னொரு நாள் கிரேன் தூக்கும்போது நொறுங்காமல் இருக்குமா; ஈரச் சேமிப்பா உலர் பெட்டியா, எது இந்தக் கரைக்கு உகந்தது. ஆறு உலைகளும் ஓடத் தொடங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 டன்னுக்கு மேல் சேரும் ஒரு பொருளைப் பற்றி, அதிலிருந்து இரண்டு மணி நேர வண்டி ஓட்டத்தில் இருக்கும் ஊரில் நடக்கும் வகுப்பு அரை மணியில் முடித்துக்கொள்வது சரியல்ல. பின்லாந்துக்கு ஒரு முழு ஞாயிறு கொடுத்தார்கள்.

படியிறங்கும்போது அந்த இளைஞர் என்னிடம், "அண்ணாச்சி, ஒங்க இரிடியம் வருசத்துல செத்துப்போயிரும். எங்க ஊருல இருக்கது அடங்க எத்தன தலமொற ஆவும்?" என்று கேட்டார். படிக்கட்டிலேயே நின்று என் மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்: சீசியத்துக்கு அரை ஆயுள் 30 ஆண்டு, பத்து அரை ஆயுளில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும், அதாவது 300 ஆண்டு, பன்னிரண்டு தலைமுறை. புளூட்டோனியத்தை அவள் சொல்லவில்லை. ஆதிச்சநல்லூரில் அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

மொத்தத்தில் 3,500 ரூபாய்க்கு இந்த வகுப்பு நிச்சயம் தகும். இயந்திரவியல், உலோகவியல், வேதியியல் மாணவர்களும், என்னைப்போல் சோதனைத் தொழிலில் இருப்பவர்களும், கூடங்குளம் உள்ள ராதாபுரம் வட்டத்தில் பொதுவேலையில் இருப்பவர்களும் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் போதும். பழைய குறிப்பேட்டை நம்பாமல் தமிழில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், சொந்தமாக ஒரு பாதுகாப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். அடுத்த அணி எட்டு ஞாயிறாக இருக்கும் என்று நிலையத்தார் தொலைபேசியில் சொன்னார்கள். கூடும் இரண்டு வகுப்பும் தீர்ந்த எரிபொருளின் சேமிப்புக்கு என்று பாடத்திட்டத்தில் அச்சடித்துக் கொடுத்தால், நான் மறுபடியும் முழுக் கட்டணம் கட்டி முன்வரிசையில் உட்காருவேன். கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம் வைக்கும்படியும் கேட்டிருக்கிறேன்.